சோல் ஹேக்கர்ஸை மறுபடியும் கடைக்குக் கொண்டுவாருங்கள்

அட்லஸ் நிறுவனத்தாருக்கும், அதன் உரிமையாளரான சேகா நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

‘டெவில் சம்மனர்: சோல் ஹேக்கர்ஸ்’ உங்கள் கேம். 1997 நவம்பர் 13 அன்று ஜப்பானில் சேகா சாட்டர்ன் கன்சோலுக்கு வந்தது. இன்றைக்கு அதை உங்களுக்குக் காசு கொடுத்து வாங்கி விளையாட யாருக்கும் வழியில்லை. பழைய டிஸ்க்கையோ, நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ்ஸின் கார்டையோ எவரிடமாவது தேடிப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும், கொடுக்கிற விலையில் ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்கு வராது. இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உங்களுடைய பெர்சோனா 5 கேமை முடித்த கையோடு, ‘இவங்களோட பழைய கேம்ல எதை ஆடலாம், சொல்லு’ என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் ரூபாயில் விலை பார்த்து, தள்ளுபடிக்குக் காத்திருந்து, முறையாக வாங்குகிற ஆட்கள். சோல் ஹேக்கர்ஸ் என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘எங்கே கிடைக்கும்?’ என்பதுதான். அதற்கு நேர்மையான பதில் என்னிடம் ஒன்றும் இல்லை. இணையத்தில் திருட்டுப் பிரதி எங்கே இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். காசு கொடுக்கத் தயாராக இருப்பவரை அந்தப் பக்கம் அனுப்பிவைப்பது உங்கள் அமைதிதான்.

மடல் உங்களுக்கு என்றாலும், இதைப் படிக்கப் போகிற தமிழர்களில் பலர் இந்த கேமைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமாமி என்று ஒரு கடலோர நகரம். வீட்டுக்கு வீடு கணினி, எல்லாம் ஒரே வலையில் இணைந்திருக்கும். ஆல்கான் சாஃப்ட் என்ற நிறுவனம் அந்த வலைக்குள் ‘பாரடைம் எக்ஸ்’ என்று ஒரு மெய்நிகர் நகரத்தைக் கட்டிவைத்து, சோதனை ஓட்டத்துக்கு ஆள் எடுக்கிறது. குலுக்கலில் பெயர் வந்தால்தான் உள்ளே போகலாம். நம் நாயகன் ‘ஸ்பூக்கீஸ்’ என்ற ஹேக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன். அதிர்ஷ்டத்துக்கெல்லாம் காத்திருக்காமல் சர்வருக்குள் புகுந்து பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்கிறான். கதை தொடங்குவதே இந்தச் சின்னத் திருட்டில்தான்.

அப்புறம் துப்பாக்கி வடிவில் ஒரு கணினி அவர்கள் கைக்கு வருகிறது. விரித்தால் விசைப்பலகையும் திரையுமாகத் திறந்துகொள்ளும். அதன் பூட்டை உடைத்ததும், உள்ளே அடைபட்டுக் கிடந்த நெமிசா என்ற பூதம் வெளியே வந்து, நாயகனின் பால்யத் தோழி ஹிதோமியின் உடம்பில் குடியேறிவிடுகிறது. நெமிசா முன்னால் வரும்போது ஹிதோமியின் கறுப்பு முடி வெளுத்துப்போகும், பேச்சின் தோரணையே மாறிவிடும். ஓர் உடம்புக்குள் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டே கதை முழுக்க நம் கூட வருகிறார்கள். நாயகனுக்கு மந்திரம் எதுவும் தெரியாது. அவனிடம் இருப்பதெல்லாம் அந்தத் துப்பாக்கிக் கணினியும், அதை வைத்து அவன் அழைக்கிற பூதங்களும்தான். பாரடைம் எக்ஸின் பின்னால் ஃபாண்டம் சொசைட்டி என்ற ரகசியக் கூட்டம் இருப்பதும், உள்ளே வேடிக்கை பார்க்க வருகிற மக்களின் ஆன்மாக்களைத்தான் அது குறிவைக்கிறது என்பதும் போகப் போகத் தெரியவரும்.

வீட்டில் இணையம் இருப்பதே அதிசயமாக இருந்த காலத்தில், முழு நகரமும் வலையில் என்று நீங்கள் யோசித்தீர்கள். எல்லோரும் இதைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த ஸ்பூக்கீஸ் கூட்டம். ஸ்பூக்கி, லஞ்ச், சிக்ஸ், யுயிச்சி என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய டிரக்கின் பின்பக்கத்தில் கணினிகளை அடுக்கி உட்கார்ந்திருக்கிற சில இளைஞர்கள். பூதம் என்றால் என்ன, ரகசியக் கூட்டம் என்றால் என்ன, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பயங்கரத்துக்குப் பிறகும் அந்த டிரக்குக்குத் திரும்பி வந்து அவர்களோடு பேசும்போதுதான் ஆட்டக்காரருக்கு மூச்சே வரும். அந்த நட்பில் விரிசல் விழுகிற இடங்கள் எந்தப் பெரிய பூதத்தின் தாக்குதலையும்விட வலிக்கும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும்: விஷன் குவெஸ்ட். கதையின் நடுவே கினாப் என்ற வழிகாட்டி நாயகனை அழைத்து, இறந்துபோன ஒரு சம்மனரின், அதாவது பூதங்களை அழைத்து ஏவுகிறவரின், கடைசி நேரத்துக்குள் அனுப்பிவைப்பான். நீங்கள் சேர்த்த பூதங்கள், வளர்த்த பலம், பை நிறைய வைத்திருந்த பொருள்கள் எதுவும் அங்கே கிடையாது. உராபே என்ற மனிதனின் உடம்பில், அவனுடைய பூதங்களோடு, அவனுக்குத் தெரிந்த வழியில் நடக்க வேண்டும். அவன் சாகப் போகிறான் என்று உங்களுக்கு முன்பே தெரியும். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அது மாறாது. ஆனாலும் அடுத்த அறைக்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் கைதான். அடுத்து ஜூடா சிங், அதற்குப் பிறகு நவோமி. எதிரிக் கூட்டத்து ஆள் ஒருவனை உள்ளிருந்து ஒருமுறை வாழ்ந்துவிட்டால், திரும்பி வந்து அந்தக் கூட்டத்தை முன்போலப் பார்க்க முடியாது. ஆட்டக்காரரின் கையாலேயே முடிவை எழுதவைக்கிற இந்த வகைக் கதைசொல்லலை அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆர்பிஜிகளில், அதாவது பாத்திரமேற்று ஆடும் கேம்களில், தேடிப் பார்த்துவிட்டேன். இவ்வளவு துணிச்சலாக யாரும் செய்யவில்லை.

பூதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோல் ஹேக்கர்ஸும் அடங்கிய உங்கள் மெகாமி டென்செய் வரிசைக் கேம்களில் உலகத்துத் தெய்வங்களும் தேவதைகளும் பேய்களும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். சிவனும் காளியும் கருடனும் கூட உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஆடுகிறவருக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது ஏற்படும் வியப்பு தனி. சோல் ஹேக்கர்ஸில் இந்தப் பூதங்களுக்கு ஆளுக்கொரு குணம். முரட்டுக் குணமுள்ளதிடம் காயத்தை ஆற்றச் சொன்னால் முறைத்துக்கொள்ளும். அடி என்றால் பாயும். அதன் போக்கு தெரிந்து ஏவ வேண்டும், பரிசு கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டும், அப்போதுதான் விசுவாசம் ஏறும். ஏறும்வரை அது உங்கள் பேச்சைக் கேட்கும் என்று நம்ப முடியாது. அதோடு, பூதங்களை வெளியே வைத்துக்கொண்டு நடக்கிற ஒவ்வோர் அடிக்கும் மேக்னடைட் என்ற சக்திப் பொருள் கரைந்துகொண்டே இருக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எரிச்சல்தான் அவற்றை வெறும் ஆயுதமாக ஆக்காமல் கூட வருகிற ஆட்களாக ஆக்குகிறது.

சரி, இனி உங்களிடமே பேசுகிறேன்.

இந்த கேமை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. 1999-ல் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தீர்கள். 2012 ஆகஸ்டில் ஜப்பானில் 3டிஎஸ்ஸுக்கு வந்தது. 2013-ல் முதன்முறையாக ஆங்கிலத்தில், ஏப்ரலில் அமெரிக்காவுக்கும் செப்டம்பரில் ஐரோப்பாவுக்கும் போனது. அந்த 3டிஎஸ் பதிப்பு நல்ல பதிப்பு. குரல் சேர்த்தீர்கள். டிஸ்க் சுற்றி முடிக்கும்வரை காத்திருந்த நேரம் காணாமல் போனது. வரைபடம் கீழ்த் திரைக்கு இறங்கியது. கடினம் கூடினால் குறைத்துக்கொள்ள, முழு வரைபடத்தையும் பார்த்துக்கொள்ள, துப்பாக்கிக் கணினியையே ‘ஹேக்’ செய்வதுபோல ஒரு வசதி வைத்தீர்கள். அது கதைக்கும் பொருந்தி வந்தது. ஜப்பானுக்கு வெளியே இந்த கேமை நேசிக்கிற பெரும்பாலானவர்கள் அந்தப் பதிப்பின் வழியாகத்தான் உள்ளே வந்தோம்.

2023 மார்ச் இறுதியில் 3டிஎஸ்ஸின் ஈ-ஷாப் மூடப்பட்டது. மூடியது நிண்டெண்டோ, நீங்கள் அல்ல. ஆனால் அந்தக் கடையோடு சேர்ந்து உங்கள் கேமும் விற்பனையிலிருந்து போய்விட்டது. அதற்கு ஏழு மாதம் முன்னால், 2022 ஆகஸ்டில், சோல் ஹேக்கர்ஸ் 2 வெளிவந்திருந்தது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றில். பெயரில் 2 என்று எண் போட்டிருக்கும் ஒரு கேமை வாங்குகிறவர் முதலாவது எது என்று தேடுவார் அல்லவா? தேடியவர்களுக்கு அதே கடையில் ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்ட சமயத்தில் பக்கத்திலேயே முதல் கேமையும் வைத்திருந்தால், இரண்டாம் பாகத்தின் நாயகி ரிங்கோவின் கதையை முடித்த கையோடு நெமிசாவிடம் வந்திருப்பார்கள். இரண்டாம் பாகம் எல்லோரையும் கவரவில்லை என்பது எனக்கும் தெரியும். அதைக் காரணம் காட்டி முதலாவதை அலமாரியிலேயே விட்டுவிடாதீர்கள். கதை வேறு, மனிதர்கள் வேறு, ஆடும் முறையே வேறு.

அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அது சொன்னது. சோல் ஹேக்கர்ஸ் அங்கே போனது 2013-ல் என்பதால் இந்தக் கணக்கில்கூட வராது. பத்தாண்டுக்குள் ஒரு கேம் கடைக்கு வந்து, கடையை விட்டே போயும் விட்டது.

அப்படியானால் கையில் இருக்கிற பழைய பிரதிகள்? சாட்டர்ன் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் கன்சோலின் உள் நினைவகம் 32 கிலோபைட். பின்பக்க மூடியைத் திறந்தால் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், கைக்கடிகாரத்தில் போடுவது போன்றது. அந்தப் பேட்டரி தீர்ந்தால் உள்ளே சேமித்த எல்லாம் அழிந்துவிடும். கட்டங்கட்டமாக நடந்து போட்ட வரைபடம், வளர்த்த பூதங்கள், எல்லாமே. டிஸ்க் படிக்கிற லென்ஸும் தேய்ந்துகொண்டிருக்கிறது. உதிரி பாகத்துக்குப் பெரும்பாலும் பழைய இயந்திரங்களைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. 3டிஎஸ் பக்கம் இன்னொரு இழப்பு. ‘நெமேச்சி’ என்று ஒரு குட்டிப் பூதத்தை வளர்க்கும் பகுதியை அதில் சேர்த்திருந்தீர்கள். அது ஸ்ட்ரீட்பாஸை, அதாவது அருகே வரும் இரண்டு 3டிஎஸ்கள் தாமாகவே தகவல் பரிமாறிக்கொள்ளும் வசதியை, நம்பி வடிவமைத்தது. தெருவில் எதிரே வருபவரின் பையிலும் ஒரு 3டிஎஸ் இருக்க வேண்டும். இன்று யார் பையில் இருக்கிறது?

உங்களிடம் செய்யக்கூடிய திறமை இல்லையென்றால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். பெர்சோனா 4 கோல்டன் 2020-ல் ஸ்டீமுக்கு வந்தது. உங்கள் பழைய நாக்டர்ன் கேம் ரீமாஸ்டராக, அதாவது மெருகேற்றிய மறுபதிப்பாக, வந்தது. 2024-ல் பெர்சோனா 3 ரீலோட். 2025 ஜூனில் ரைடோ ரீமாஸ்டர்ட், அதுவும் ஒரே நேரத்தில் எல்லா இயந்திரங்களுக்கும். ரைடோவும் டெவில் சம்மனர் வரிசைதான், 2006-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. சோல் ஹேக்கர்ஸின் 3டிஎஸ் பதிப்பில் அந்த கேமின் நாயகன் ரைடோவை மோதிப் பார்க்கக்கூடிய கூடுதல் எதிரியாக நீங்களே கொண்டுவந்தீர்கள். விருந்தாளியாக வந்தவருக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரைத் திண்ணையில் உட்காரவைத்த கதையாக இருக்கிறது.

உள்ளே உங்கள் அலுவலகத்தில் என்னென்ன தடைகள் சொல்லப்படும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. சாட்டர்ன் கடினமான இயந்திரம் என்பார்கள். உண்மை. இரண்டு ஹிட்டாச்சி செயலிகள், படம் வரைய இரண்டு தனிச் சில்லுகள், மற்றவர்கள் முக்கோணத்தில் வரைந்தபோது நாற்கரத்தில் வரைகிற முறை. ஆனால் சிட்டி கனெக்‌ஷன் நிறுவனம் ‘சாட்டர்ன் டிரிப்யூட்’ என்ற பெயரில் பழைய சாட்டர்ன் கேம்களை இன்றைய கன்சோல்களில் ஓடவைத்து விற்றுக் காட்டிவிட்டது. போதாக்குறைக்கு, 2013-ல் அட்லஸ் சேகாவின் கைக்கு வந்துவிட்டது. சாட்டர்னைச் செய்தவர்களும் சோல் ஹேக்கர்ஸைச் செய்தவர்களும் ஒரே குடும்பம் ஆகிவிட்ட பிறகு யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது?

3டிஎஸ் பதிப்பை எடுத்தால் இரண்டு திரை இருக்கிறதே, ஒரே திரையில் எப்படி அடுக்குவது என்றும் கேட்பார்கள். அதற்கு விடை 1997-லேயே உங்களிடம் இருக்கிறது. மூல கேம் ஒற்றைத் திரையில்தானே வந்தது. வரைபடம் எங்கே, பூதங்களின் பட்டியல் எங்கே, நிலவின் பிறை எங்கே என்று அப்போதே யோசித்து வைத்திருக்கிறீர்கள். மொழிபெயர்ப்புச் செலவு? ஆங்கில வசனமும் ஆங்கிலக் குரலும் 2013-லேயே தயார்.

உண்மையான கடினம் படங்களில்தான் வரும் என்று நினைக்கிறேன். 3டிஎஸ்ஸின் மேல்திரை 400-க்கு 240 புள்ளி. அதற்கென்று வைத்த படத்தை இன்றைய தொலைக்காட்சியில் இழுத்துப் போட்டால் ஓவியர் கசூமா கனேகோவின் கோடுகள் குழம்பிவிடும். அவருடைய உருவங்களின் அழகே அந்தக் குளிர்ந்த, கத்தி போன்ற கோட்டில்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் ஒரேயடியாகப் போட்டு மெருகேற்றிவிடாதீர்கள். மூல ஓவியங்கள் உங்களிடம் இருக்குமானால் அதிலிருந்து மறுபடி எடுங்கள். இல்லையென்றால் பழைய புள்ளிப் படத்தை அப்படியே, கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, கூர்மையாகக் காட்டுங்கள். கனேகோ இன்று உங்கள் நிறுவனத்தில் இல்லை. அவர் விட்டுச்சென்றதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு அதனாலேயே கூடுகிறது.

அதே அக்கறை மற்றவற்றுக்கும் வேண்டும். ரைடோவில் சண்டை முறையையே புதிதாகச் செய்தீர்கள், அது அங்கே சரியாகப் பொருந்தியது. இங்கே அப்படிச் செய்ய வேண்டாம். சோல் ஹேக்கர்ஸை நாயகனின் கண் வழியாகப் பார்த்துக்கொண்டே குறுகிய தாழ்வாரங்களில் நடப்பதில்தான் அந்த மூச்சுமுட்டல் இருக்கிறது. கேமராவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் அது போய்விடும். விசுவாசத்தை எளிதாக்காதீர்கள், வேண்டியவர்களுக்கு அந்த ஹேக் வசதி இருக்கவே இருக்கிறது. தொஷிகோ தசாகியின் இசையைப் புதிதாக வாசித்துச் சேர்த்தாலும், பழையதைத் தேர்ந்தெடுக்கும் வசதியை விடாமல் வையுங்கள். நள்ளிரவு அமாமியின் வெறிச்சோடலை அந்த எலக்ட்ரானிக் ஒலிதான் சொல்கிறது. ஜப்பானியக் குரல், ஆங்கிலக் குரல் இரண்டும் வேண்டும். குரலே இல்லாமல் ஆட விரும்புகிறவருக்கு அதை நிறுத்தும் பொத்தானும் வேண்டும். நெமேச்சியை ஸ்ட்ரீட்பாஸ் இல்லாமலே வளர்க்க ஒரு வழி செய்யுங்கள். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவேண்டாம்.

இவ்வளவுக்கும் ஆட்களும் நேரமும் இல்லை என்றால், 3டிஎஸ் பதிப்பை அப்படியே ஸ்டீமில் போடுங்கள். மெருகு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் வாங்குவோம். முழு விலை ரீமாஸ்டருக்காகப் பத்தாண்டு காத்திருப்பதைவிட, குறைந்த விலையில் இப்போது கிடைக்கும் எளிய பதிப்பு எவ்வளவோ மேல்.

இதோடு 1995-ன் முதல் ‘டெவில் சம்மனர்’ பற்றியும் ஒரு வேண்டுகோள். அதுவும் சாட்டர்னில்தான் பிறந்தது. 2005-ல் பிஎஸ்பி என்ற கையடக்கக் கன்சோலுக்கு வந்தது. உங்கள் கையால் ஆங்கிலத்துக்கு இதுவரை வரவே இல்லை. இரண்டையும் ஒரே தொகுப்பாகக் கொடுத்தால், இந்த வரிசை எங்கே தொடங்கி எப்படி மாறியது என்று ஒருவர் வரிசையாக ஆடிப் பார்க்கலாம். முதலாவதை மொழிபெயர்க்கச் செலவாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் தாமதமாகுமென்றால் சோல் ஹேக்கர்ஸைப் பிடித்துவைக்க வேண்டாம், அது முதலில் வரட்டும்.

2027 நவம்பர் 13 அன்று சோல் ஹேக்கர்ஸுக்கு 30 ஆண்டு நிறைகிறது. அன்றைக்கு விற்பனைக்கு வருகிறது என்று நீங்கள் அறிவித்தால் போதும், முன்பதிவு தொடங்கும் நாளிலேயே நானும் என் நண்பர்களும் பணம் கட்டிவிடுவோம்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் கேம்களை விளையாடி வளர்ந்த ஒரு தமிழ் ஆட்டக்காரன்